தண்ணீருக்கு அடியில் நாலு கால்

அன்று ஓவியக்கூடத்தில் இருந்தவர்கள்: ஆசிரியை தில்லைநாயகி. மாணவர்கள் மூன்று பேர், அதாவது சுவருக்கு வெள்ளையடிக்கும் சங்கிலிமுத்து, தையல் வேலை செய்யும் செவத்தியாள், கடைப் பலகை எழுதும் உதுமான். மாட்டுச் சந்தைக்குப் பக்கத்தில் வண்டிக்காரர்கள் தங்குவதற்குச் சாவடி கட்டிக்கொண்டிருந்த மாசிலாமணி. ஆக மனிதர்கள் ஐந்து பேர். வெளியே வேப்பமரத்தில் கட்டியிருந்த எருமையையும் சேர்த்தால் ஆறு.

ஆசிரியைக்கு நாற்பது வயது. சங்கிலிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு. ஆசிரியை அவரை அண்ணே என்பார். அவர் ஆசிரியையை அம்மா என்பார்.

அந்தக் கூடத்தில் விலங்குகளை மட்டும்தான் வரைவார்கள். எந்த விலங்கானாலும் தொடக்கம் ஒன்றுதான். நெஞ்சுக்கு ஒரு பெரிய முட்டை. இடுப்புக்கு ஒரு சின்ன முட்டை. தலைக்கு ஒரு பெட்டி. கால்களுக்குக் குழல்கள். இவை சரியாக நின்ற பிறகுதான் தோலும் மயிரும். புதிதாக வருகிறவர்கள் கண்ணில் தொடங்குவார்கள். ஆசிரியை தாளைத் திருப்பி வைத்து, "முதல்ல முட்டை" என்பார்.

வரைந்து முடித்ததும் தாள்களைத் தரையில் பரப்புவார்கள். ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை. அடுத்தவர் படத்தில் கண் எங்கே இடறுகிறதோ, அங்கே ஒரு கொட்டை வைக்க வேண்டும். வைத்து முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. வரைந்தவர் அந்த இடத்தைத் திருத்துவார். திருந்திவிட்டால் வைத்தவர் தன் கொட்டையை எடுத்துக்கொள்வார்.

"ஏன் பேசக் கூடாது?" என்று உதுமான் சேர்ந்த புதிதில் கேட்டிருக்கிறார்.

"பேசினா முகத்தைப் பார்த்துப் பேசுவீங்க. படத்தைப் பாருங்க," என்றார் ஆசிரியை.

அன்று செவத்தியாள் வரைந்த ஆட்டின் மேல் ஐந்து கொட்டைகள் விழுந்தன. உதுமான் வரைந்த குதிரையின் மேல் நான்கு. அத்தோடு ஒன்பது கொட்டையும் தீர்ந்தது. சங்கிலிமுத்துவின் எருமை மேல் ஒன்றும் விழவில்லை.

அது குளத்தில் நின்றது. முதுகும் தோளும் தலையும் மட்டும் வெளியே. கொம்பில் ஈரம் மினுங்கியது. மூக்குக்கு முன்னால் தண்ணீர் லேசாகச் சுளித்திருந்தது. கரியில் வரைந்த படம்தான். ஆனாலும் அந்தத் தண்ணீரில் கையை வைத்தால் குளிரும் போலிருந்தது.

மாசிலாமணி அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"மூச்சு விடுதே இது," என்றார். "என் சாவடிச் சுவருக்கு இதுதான். இதையே பெருசா வரைஞ்சிடுங்க. சந்தைக்கு வர்றவன் எல்லாம் நின்னு பார்த்துட்டுப் போகட்டும்."

சங்கிலிமுத்து உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

முப்பது வருடமாக அவர் சுவர்களுக்கு வெள்ளையடித்திருக்கிறார். அவர் அடித்து, காய்ந்து, பளிச்சென்று ஆன பிறகு வேறு யாராவது வந்து அதில் படம் வரைவார்கள். அவர் ஏணியை எடுத்துக்கொண்டு அடுத்த சுவருக்குப் போய்விடுவார். ஒரு சுவராவது தன்னுடையதாக இருக்க வேண்டும் என்றுதான் இந்த வயதில் கூடத்துக்கு வந்தார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கூடத்து மாணவர் வெளியே சுவரில் வரைய வேண்டுமென்றால் ஆசிரியை சரி என்று சொல்ல வேண்டும். அது அந்த இடத்து வழக்கம்.

"அம்மா, வரையலாமா?" என்று கேட்டார் சங்கிலிமுத்து.

ஆசிரியை படத்தின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கூடையிலிருந்து நான்கு கொட்டைகளை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

"நாலு குளம்பும் எங்கே இருக்கு? வைங்கண்ணே."

"தண்ணிக்குள்ளே இருக்கும்மா."

"தண்ணிக்குள்ளே எங்கே?"

சங்கிலிமுத்து சிரித்தார். ஆசிரியை சிரிக்கவில்லை. சங்கிலிமுத்து குனிந்து, கழுத்துக்குக் கீழே இரண்டு கொட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மூன்றாவது வயிற்றுக்குக் கீழே போனது. நான்காவதை வைத்துக்கொண்டு தடுமாறினார். கடைசியில் வாலுக்கு ஒரு சாண் பின்னால் வைத்தார்.

"அது பின்னாடி வர்ற எருமையோட காலு, அண்ணாச்சி," என்றாள் செவத்தியாள்.

உதுமான் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தெரியாத காலுக்கு எதுக்கும்மா இவ்வளவு பாடு?" என்றார் மாசிலாமணி. "நான் கேட்டது குளத்து எருமை. கால் வேணும்னு நான் கேட்டேனா?"

சங்கிலிமுத்துவுக்கு அது தெம்பாக இருந்தது. "அதானேம்மா. காட்டாத காலை எதுக்கு வரையணும்?"

ஆசிரியை வாசலைப் பார்த்தார்.

"பொழுது சாயப்போகுது. எருமை ராத்திரி பூராவும் குளத்துலயே நிக்குமா? வீட்டுக்கு ஓட்டிக்கிட்டு வாங்க."

சொல்லிவிட்டு வெறும் தாள் ஒன்றை அவர் முன்னால் போட்டார்.

சங்கிலிமுத்து அதே எருமையைக் கரையேற்றி வரைந்தார். தலை வந்தது, தோள் வந்தது, முதுகும் வந்தது. வயிற்றுக்குக் கீழே கை மெதுவானது. முன்னங்கால் எப்படியோ முடிந்தது. பின்னங்காலைப் போட்டு அழித்தார், மறுபடியும் போட்டார். முடித்தபோது வியர்த்திருந்தார்.

செவத்தியாளிடம் மூன்று கொட்டை, உதுமானிடம் மூன்று கொட்டை. ஆறும் பின்னங்கால்களில்தான் விழுந்தன.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள் செவத்தியாள். "கட்டிலுக்கு எருமைத்தோல் போர்த்தின மாதிரி இருக்கு."

"இவருக்கு எருமைன்னா எப்பவும் குளிக்கிற நேரம்தான். இப்பதானே தெரியுது ஏன்னு," என்றார் உதுமான்.

சங்கிலிமுத்து தாளைத் திருப்பி வைத்தார்.

"சேர்ந்த அன்னைக்கே இந்த இடத்துலதான் கொட்டை விழுந்தது," என்றார் மெதுவாக. "அன்னைக்கு இறக்கினேன் குளத்துல. அப்புறம் ஏத்தவே இல்லை."

"தெரியும்," என்றார் ஆசிரியை.

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லலை?"

"தண்ணி நல்லா இருந்தது."

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அப்படி ஒரு தண்ணீரை அந்தக் கூடத்தில் வேறு யாரும் வரைந்ததில்லை, ஆசிரியை உட்பட.

மாசிலாமணி எழுந்து துண்டை உதறினார். "இந்த மாசம் கடைசியில சாவடி திறப்பு. அதுக்குள்ளே சுவர்ல படம் இருக்கணும். இல்லேன்னா டவுன்ல இருந்து ஆள் கூட்டிக்கிட்டு வருவேன். ரெண்டு மயிலைப் போட்டுட்டுப் போயிடுவான். அதுவரைக்கும் வெள்ளையாவது அடிச்சு வைங்க."

மறுநாள் சங்கிலிமுத்து சாவடியில் சாரம் கட்டினார். சந்தைத் திடலைப் பார்த்த நீளமான சுவர் அது. சுண்ணாம்பைக் கரைத்து, பனைமட்டைத் தூரிகையை நனைத்து மேலே ஏறினார்.

மேல் ஓரத்துக்கு மட்டை எட்டவில்லை. அவருக்கு அது பழக்கம்தான். கால் விரல்களை ஊன்றி, குதிகாலைத் தூக்கி, முழங்காலைச் சற்று மடக்கி எழும்பினார். அப்படியே அடித்துக்கொண்டு போனார்.

ஆசிரியை வந்தார். சுவரைப் பார்க்கவில்லை. அவருடைய காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை நீட்டி, தூக்கியிருந்த குதிகாலுக்கு நேர் கீழே, பலகையின் மேல் ஒரு புளியங்கொட்டையை வைத்தார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லண்ணே. நீங்க அடிங்க."

அடித்தார். கெண்டைச்சதை வலித்தபோது காலை இறக்கினார். கொட்டை குத்தியது. தூக்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் இறக்கினார். மறுபடியும் குத்தியது. குதிகாலைத் தூக்கிக்கொண்டு, எரிச்சலோடு குனிந்து பார்த்தார்.

பலகையில் விரல்கள் மட்டும் ஊன்றியிருந்தன. அதற்கு மேல் பாதம் செங்குத்தாக எழும்பியிருந்தது. அதன் உச்சியில், காற்றில், குதிகால். அதற்கு மேலே வெகுதூரம் தள்ளி, முன்பக்கம் மடங்கிய முழங்கால்.

மட்டையிலிருந்து சுண்ணாம்பு அவர் தோளில் சொட்டியது. அவர் துடைக்கவில்லை.

எருமையின் பின்னங்காலில் பின்பக்கமாக ஒடிந்து நிற்கும் மூட்டைத்தான் இத்தனை நாளும் முழங்கால் என்று நினைத்திருந்தார். முழங்கால் இப்படிப் பின்னால் மடங்குமா என்று நம்ப முடியாமல், ஒவ்வொரு முறையும் அதைக் கொஞ்சம் நிமிர்த்திவிடுவார்.

"அம்மா," என்றார். "எருமை குதிகாலைத் தரையில ஊன்றுறதே இல்லையா?"

ஆசிரியை திடலைக் காட்டினார். யாரோ ஓர் எருமையை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"அதோ போகுது. பார்த்துக்கோங்க."

சங்கிலிமுத்து சாரத்திலிருந்து இறங்கினார். எருமைக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு குதிகாலைத் தூக்கிக்கொண்டு, முழங்காலை மடக்கி, அது நடப்பது போலவே நடந்தார். உடம்பெல்லாம் சுண்ணாம்பு. சந்தைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"சங்கிலிமுத்துவுக்கு என்னவாம்?" என்றார் ஒருவர்.

"படம் படிக்கிறாராம்," என்றார் இன்னொருவர்.

அவர் காதில் விழுந்தது. நிற்கவில்லை.

அடுத்த வாரம் முழுவதும் கூடத்தில் கால்களை மட்டும் வரைந்தார். இரண்டு முட்டை, நாலு குழல். குழல்களில் விரல், குதிகால், முழங்கால் என்று முடிச்சு முடிச்சாகப் போட்டார். தோலும் இல்லை, மயிரும் இல்லை. பார்ப்பதற்கு மூங்கில் கட்டிய பந்தல் மாதிரி இருந்தது. ஆனால் நின்றது. ஆறு கொட்டைகளில் மூன்று திரும்பிப் போயின. பிறகு இரண்டு போயின. கடைசிக் கொட்டை செவத்தியாளுடையது. அதை அவள் எடுக்கவில்லை.

"இன்னும் என்னம்மா இருக்கு அதுல?" என்றார் சங்கிலிமுத்து. குரலில் கொஞ்சம் கோபம்.

செவத்தியாள் வாசல் வழியே வேப்பமரத்து எருமையைக் காட்டினாள். அது பின்னங்கால் ஒன்றைத் தளர்த்திவிட்டு நின்றிருந்தது. அந்தப் பக்கம் இடுப்பு தணிந்து, மறுபக்கம் ஏறியிருந்தது.

"உங்க எருமை நாலு காலையும் ஒரே மாதிரி ஊன்றி நிக்குது அண்ணாச்சி. போட்டோ எடுக்க நிறுத்தின மாதிரி."

சங்கிலிமுத்து எருமையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். கோபம் போய்விட்டது. "உனக்குக் கண்ணு நல்ல கண்ணு தாயி," என்றார். இடுப்பு முட்டையை அழித்து, சாய்த்துப் போட்டார். கால்கள் தாமாக இடம் மாறின. செவத்தியாள் கொட்டையை எடுத்துக்கொண்டாள்.

"வரையலாம்," என்றார் ஆசிரியை. "இனிமே நான் சாவடிப் பக்கம் வரமாட்டேன். முடிச்சதும் சொல்லி அனுப்புங்க."

சுவரில் முதலில் கரியால் போட்டார். ஆள் உயரத்துக்கு மேல் ஓர் எருமை, நாலு காலும் தரையில் ஊன்றி, ஓர் இடுப்பு தணிந்து நின்றது. அன்று மாலை மாசிலாமணி வந்து பார்த்தார். பின்னால் நகர்ந்து பார்த்தார், பக்கத்தில் வந்து பார்த்தார். குளம்புகளைத் தொடப்போய், கையை இழுத்துக்கொண்டார்.

"அடடே. என்ன காலுய்யா இது. இடி விழுந்தாலும் அசையாது போல."

சங்கிலிமுத்துவுக்குக் கூச்சத்தில் முகம் சிவந்தது. மறுநாள் காலை, திடலில் ஆட்கள் சேருமுன், அந்தக் கரிக்கோடுகளில் சிலவற்றைத் துடைத்துவிட்டு வேறு கோடுகள் போட்டார். அப்போது யாரும் பார்க்கவில்லை. அன்றே வண்ணத்தைத் தொட்டார். முதலில் எருமை. பிறகு குளம்.

திறப்பு நாள் வந்தது. ஆசிரியையும் செவத்தியாளும் உதுமானும் சாவடிக்கு வந்தபோது மாசிலாமணி வாசலிலேயே நின்றிருந்தார். கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆசிரியையைச் சுவருக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"நீங்களே பாருங்கம்மா. என்ன அருமையான காலு. அத்தனையையும் தண்ணி ஊத்தி மூழ்கடிச்சுட்டார்."

"நீங்க கேட்டது குளத்து எருமைதானே?" என்றார் சங்கிலிமுத்து.

"அது காலைப் பார்க்கிறதுக்கு முன்னாடி கேட்டது. பார்த்த பிறகு யாருக்கு மனசு வரும்? நான் ஊர் பூராவும் சொல்லி வச்சிருக்கேன், காலைப் பார்க்க வாங்கன்னு. இப்போ இங்கே முதுகுதான் இருக்கு." அவர் ஆசிரியையின் பக்கம் திரும்பினார். "கால் வரையத் தெரியாதவர்தான் தண்ணியில மறைப்பார்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் சொல்லலை," என்றார் ஆசிரியை.

"சொல்லாட்டியும் அதானே அர்த்தம். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இது மறைப்புன்னா நாளைக்கே சுண்ணாம்பு அடிச்சுட்டு மயில்காரனைக் கூப்பிடுறேன்."

சங்கிலிமுத்து ஆசிரியையைப் பார்த்தார். அவர் கையில் இன்னும் வண்ணம் இருந்தது.

"மறுபடியும் குளத்துல இறக்கிட்டீங்களே அண்ணாச்சி," என்றாள் செவத்தியாள். இந்த முறை அவள் குரலில் கேலி இல்லை, பயம்தான் இருந்தது.

ஆசிரியை சுவரின் முன்னால் போய் நின்றார்.

எருமை குளத்தில் நின்றது. அதே முதுகு, அதே தோள், அதே தலை. ஆனால் கூடத்துத் தரையில் கிடந்த எருமை இல்லை இது. அது தண்ணீரின் மேல் வைத்தது போல இருந்தது. இதன் பாரம் முழுவதும் கீழே இறங்கி, எங்கோ சேற்றில் போய் நின்றது. ஓர் இடுப்பு தணிந்திருந்தது. ஒரு பக்கத்துத் தோள் எழும்பியிருந்தது. அந்தத் தோளுக்கு முன்னால் தண்ணீர் மற்ற இடங்களைப் போல இல்லாமல் மெல்லப் பிளந்திருந்தது.

உதுமான் தன் மூன்று கொட்டைகளைக் கையில் எடுத்தார். சற்று நேரம் பார்த்தார். திரும்பவும் பையில் போட்டுக்கொண்டார்.

ஆசிரியை மடியிலிருந்து நான்கு கொட்டைகளை எடுத்து சங்கிலிமுத்துவிடம் கொடுத்தார்.

"நாலு குளம்பும் எங்கே இருக்குண்ணே?"

சங்கிலிமுத்து மாட்டுத் தொட்டியடியில் குனிந்து ஈரக் களிமண் கொஞ்சம் எடுத்தார். ஒரு கொட்டையில் தடவினார். எழும்பாத தோளுக்குக் கீழே, சுவரில் வெறும் தண்ணீராக இருந்த இடத்தில், யோசிக்காமல், ஒட்டினார். இரண்டாவதை எடுத்தார். எருமையின் தணிந்த இடுப்புக்குக் கீழே, கொஞ்சம் முன்னால் தள்ளி ஒட்டினார். மூன்றாவது மறுபக்கம் போனது. மூன்றும் ஒட்டியதும், அவற்றுக்கு மேலே தண்ணீருக்குள் கால்கள் தெரிவது போல இருந்தது. திடலிலிருந்து வந்து கூடிய சந்தைக்காரர்களும் அதைப் பார்த்தார்கள். ஒருவர் தன் பக்கத்தில் நின்றவருக்கு விரலால் காட்டினார், இதோ முழங்கால், இதோ குதிகால் என்று.

சங்கிலிமுத்து கையை இறக்கினார்.

"இன்னொண்ணு?" என்றார் மாசிலாமணி. "நான் பார்த்தப்போ நாலு கால் இருந்ததே. நாலும் தரையிலதானே இருந்தது?"

"அப்போ நின்னுக்கிட்டு இருந்ததுங்க."

"இப்போ?"

"நாலாவது காலைத் தூக்கியாச்சு. இன்னும் கீழே வைக்கலை. பொழுது சாயுதுல்ல, வீட்டுக்குக் கிளம்பிடுச்சு."

மாசிலாமணி எழும்பியிருந்த அந்தத் தோளைப் பார்த்தார். அதன் முன்னால் பிளந்திருந்த தண்ணீரைப் பார்த்தார். பிறகு, எருமை வரப்போகும் பக்கத்தில் தான் நிற்பதையும் பார்த்தார்.

ஆசிரியை மாசிலாமணியின் தோளை லேசாகத் தட்டினார். கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் விலகி நில்லுங்க," என்றார். "கரையேறட்டும்."

எல்லோரும் விலகினார்கள். சங்கிலிமுத்துவின் உள்ளங்கையில் மிச்சம் இருந்தது ஒரு கொட்டை.